தேய்ந்துபோன மூன்று மில்லிமீட்டர்

பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு ஆறாயிரம் என்று பெயர். இரும்பும் எஃகும் ஏன் உடைகின்றன என்று கண்டுபிடித்துச் சொல்வதில் இருபத்திரண்டு வருட அனுபவம், நாற்பது ஆய்வுக் கட்டுரைகள், அலமாரி நிறையப் பட்டயங்கள். அதெல்லாம் யாருக்கு வேண்டும்? உலகம் உண்டாகி ஆறாயிரம் வருஷம்தான் ஆகிறது, அதையும் கடவுள் ஆறே நாளில் முடித்துவிட்டார் என்று நம்புகிற விஞ்ஞானி ஒருவர் கையில் கிடைத்தால் சும்மா விடுவார்களா? காபி எந்திரத்துக்குப் பக்கத்தில் போனாலே போதும், எவனாவது ஆரம்பித்துவிடுவான். "சார், இந்தக் காபி எப்பப் போட்டது? வேதத்துல வர்ற பெருவெள்ளத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. தன்னைவிடப் பத்து வயது சின்னவளான துறைத் தலைவியிடமே ஒருமுறை கேட்டார். "மேடம், உங்க பாட்டன் மரத்த விட்டு இறங்கினப்ப நீங்க கீழ நின்னு பாத்தீங்களா?" அன்றிலிருந்து இருவருக்கும் ஜென்மப் பகை. ஒரே அறை, ஒரே மைக்ரோஸ்கோப். ஆனால் பேச்சு மட்டும் கையெழுத்து வேண்டும்போதுதான்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஏழு வருஷத்துக்கு முன்னால் மகள் பாறைகளைப் பற்றிப் படிக்கப் போனாள். வேறு படிப்பே கிடைக்கவில்லையா அவளுக்கு! அந்தச் சமயம் பார்த்து இவர் தன் தேவாலயச் சபைக்காக 'நேற்றைக்குச் சாட்சி யார்?' என்றொரு சின்னப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், ஏரியடி மண்ணில் வருஷத்துக்கு ஒரு படிவு விழும், அப்படி அறுபதாயிரம் படிவுகளை எண்ணியிருக்கிறார்கள் என்றாள் மகள். சிதைந்துபோன இடத்தில் எப்படி எண்ணினார்கள் என்று கேட்டார் இவர். மேலேயும் கீழேயும் படிவு விழுந்த வேகத்தை வைத்து என்றாள் அவள். உடனே இவர் அன்று எழுதி முடித்த பதினாலாம் பக்கத்தை எடுத்து வந்து சத்தமாக வாசித்தார். 'தான் காணாத காலத்திலும் வேகம் இப்படியே இருந்தது என்று சொல்கிறவன் பொய்யன்.'

"அப்ப நான் பொய்க்காரியாப்பா?"

"இந்த வீட்ல இருக்கணும்னா இதை ஒத்துக்கிட்டு இரு. இல்லன்னா வாசல் அந்தப் பக்கம் இருக்கு."

பெற்றவன் பேசுகிற பேச்சா இது? அவள் பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். மனைவி அன்றிலிருந்து அவரிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். உப்பு போதுமா, கரண்ட் பில் கட்டியாச்சா, அவ்வளவுதான்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த எஃகுப் பின் பரிசோதனைக்கு வந்தது. ஒரு தொழிற்சாலையில் கிரேன் கொக்கியைத் தாங்கியிருந்த, கட்டைவிரல் தடிமனில் ஒரு எஃகு ஆணி. அது இரண்டாக உடைந்து, மேலே தொங்கிய சுமை விழுந்து, கீழே நின்ற ஃபிட்டர் அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தார். கம்பெனி கிரேன் ஓட்டுநரைக் கை காட்டியது. விபத்துக்கு அறுபத்து நாலு நாளுக்கு முன்னால் ஓட்டுநர் அளவுக்கு மீறிய சுமையைத் தூக்கினார், அன்றுதான் விரிசல் விழுந்தது, அதற்கும் முன்னால், விபத்துக்குத் தொண்ணூறு நாள் முன்பு, எங்கள் பாதுகாப்பு ஆய்வாளர் பார்த்தபோது பின் சுத்தமாக இருந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆக, விரிசலின் வயது தெரிந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். அறுபது நாள் என்றால் ஓட்டுநர். தொண்ணூறுக்கு மேல் என்றால், பார்க்காமலே கையெழுத்துப் போட்ட ஆய்வாளர்.

வயதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. கொக்கி ஒவ்வொரு முறை சுமை தூக்கும்போதும் விரிசல் மயிரிழையிலும் மெல்லிசாக ஒரு அடி முன்னே வைக்கும். வைத்த இடத்தில் ஒரு கோடு விழும். மைக்ரோஸ்கோப்பில் அந்தக் கோடுகளை எண்ணினால் எத்தனை முறை தூக்கியிருக்கிறார்கள் என்று வந்துவிடும். அவர் எண்ணினார். நாலாயிரத்து இருநூறு. நாளைக்கு எழுபது தூக்கு வீதம் அறுபது நாள்.

ஆனால் விரிசல் பிறந்த இடத்தை ஒட்டி மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குக் கோடே தெரியவில்லை. உடைந்த இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்துபோயிருந்தன. ஊரில் மற்றவர்களெல்லாம் அந்த மாதிரி இடத்துக்கு ஓரத்துக் கோடுகளின் நெருக்கத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். அவர் போட மாட்டார். இருபத்திரண்டு வருஷமாகப் போட்டதில்லை. பார்த்ததை எழுது, பார்க்காததைத் தொடாதே. அதனாலேயே அவருடைய அறிக்கையை எந்த வக்கீலாலும் அசைக்க முடிந்ததில்லை.

"அந்த மூணு மில்லிமீட்டர் எங்க சார்?" என்று துறைத் தலைவி அறிக்கையை மேசையில் வீசினாள்.

"எண்ணப்படலைன்னு அடியில எழுதியிருக்கேன்."

"அடியில எழுதினதை எந்தப் போலீஸ்காரன் படிப்பான்? ஒரு மனுஷன் உள்ள போகப் போறான் சார்!"

"நான் பாக்காததுக்குச் சாட்சி சொல்ல மாட்டேன். வேணும்னா நீங்க கையெழுத்துப் போடுங்க."

அந்த எஃகுப் பின் பரிசோதனைக்கு அவர் பெயரில்தான் வந்தது. அவர் கையெழுத்துதான் செல்லும். அறிக்கை போனது. அவள் சொன்னபடியே அடிக்குறிப்பைப் போலீஸில் ஒருவரும் படிக்கவில்லை. மறுநாளே ஓட்டுநரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

பத்தொன்பது நாள் கழித்து ஜாமீனில் வந்த ஓட்டுநர் நேரே பரிசோதனைக் கூடத்துக்குத்தான் வந்தார். வரவேற்பறையில் இருக்கை காலியாக இருந்தும் உட்காரவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"நீங்கதானா அது? கோடு எண்ணுறவரு?"

"என்னைப் பாக்கக் கூடாது நீங்க. விசாரணை நடக்குது."

"பாத்தாச்சு, இனிமே என்ன பண்ணுவீங்க? திரும்ப உள்ள போடுவீங்களா?" ஓட்டுநரின் குரலுக்குப் பக்கத்து அறைக் கதவுகள் திறந்தன. "செத்தவன் என் கூட்டாளி சார். அவன் பொண்டாட்டி என் மூஞ்சில துப்பிட்டுப் போனா. எனக்குப் படிப்பு இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பாதி இடத்துல நாலாயிரம் கோடு இருக்கு, மீதிப் பாதி தேஞ்சு போச்சுன்னு எழுதியிருக்கீங்களாம், ஜாமீன் எடுத்த வக்கீல் படிச்சுச் சொன்னாரு. தேஞ்ச பாதிக்கு எத்தனை நாள்?"

"அதைச் சொல்ல முடியாது."

"ஏன் முடியாது? இந்தப் பாதி நடந்து வந்துச்சு, அந்தப் பாதி பறந்து வந்துச்சா? நீங்க பாக்கலங்கிறதுக்காக நான் தூக்கின சுமையெல்லாம் தூக்காததாயிடுமா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஓட்டுநர் பெரிய கும்பிடாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அதில் மரியாதை துளியும் இல்லை.

அவர் மறுபடி போய் மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்தார். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், முதல் நாளே அவர் கண் அந்த ஓரத்துக்குப் போகத்தான் போனது. மனசுதான் பிடித்து இழுத்தது. இப்போது அளந்தார். தேய்ந்த இடத்தின் விளிம்பில் மில்லிமீட்டருக்கு இரண்டாயிரத்து ஐநூறு கோடு. உள்ளே போகப் போக இன்னும் நெருக்கமாகத்தான் இருக்கும், விரிசல் எப்போதும் மெதுவாகத்தான் தொடங்கும். குறைத்துப் போட்டாலும் மூன்று மில்லிமீட்டருக்கு ஏழாயிரத்து ஐநூறு. மொத்தம் நூற்று அறுபத்தேழு நாள். ஆய்வாளர் கையெழுத்துப் போட்ட அன்று விரிசலுக்கு இரண்டரை மாச வயது!

கணக்கு ஐந்து நிமிஷம். அந்த ஒரு வாக்கியத்தை எழுதத்தான் இரண்டு மணி நேரம். 'காண முடிந்த பகுதியில் இருந்த வேகத்தை வைத்துக் காண முடியாத பகுதியின் காலம் கணக்கிடப்பட்டது.' நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்தார். இதைத்தானே அன்று மகள் சொன்னாள்? இதற்குத்தானே வாசலைக் காட்டினார்? இந்த வாக்கியம் சரியென்றால், அன்று மேசையில் பொய் சொன்னது மகள் இல்லை. ஐந்தாவது தடவை அழிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். "அப்படியா" என்றாள், பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே. அவள் வழியாகவோ வேறு யார் வழியாகவோ சேதி போய், அடுத்த நாள் சாயங்காலம் அவளுடைய அண்ணன் வந்துவிட்டார். சபையின் போதகரும் அவர்தான், புத்தகத்தை அச்சுப் போட்டவரும் அவர்தான்.

"மாப்பிள்ளை, விசாரணைல பின்னு கணக்கு வேற, சிருஷ்டிக் கணக்கு வேறன்னு நாசூக்கா சொல்லிட்டு வந்துடுங்க. புத்தகத்தைப் பத்தி வாயே திறக்கக் கூடாது."

"கேட்டா என்ன மச்சான் சொல்றது?"

"ஞாபகம் இல்லன்னு சொல்லுங்க."

"நான் எழுதினது எனக்கு ஞாபகம் இல்லையா?"

"பாருங்க, மூவாயிரம் பிரதி போயிருக்கு. பிள்ளைங்களுக்குப் பாடமா வெச்சிருக்கோம். நீங்க அதைத் தப்புன்னு சொன்னீங்கன்னா சபைல உங்களுக்கு இடம் இருக்காது. தங்கச்சி புருஷன்னு பாக்க மாட்டேன்."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அண்ணா, சாப்பிட்டுட்டுப் போறியா, இல்ல இப்பவே கிளம்புறியா?"

அண்ணன் இப்போதே கிளம்பினார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். விசாரணை அறையில் கம்பெனி வக்கீல் எழுந்ததுமே அவர் கையில் அந்தச் சின்னப் புத்தகத்தைப் பார்த்துவிட்டார் இவர். மூன்றாவது வரிசையில் மச்சானும் மனைவியும். எதிர் வரிசையில் துறைத் தலைவி. சுவரோரம் ஓட்டுநர்.

"முதல் அறிக்கைல அறுபது நாள். இப்ப நூத்தி அறுபத்தேழு. நடுவுல என்ன ஆச்சு, தரிசனம் கிடைச்சுதா?" அறை சிரித்தது. வக்கீல் பக்கத்தைப் புரட்டினார். "'தான் காணாத காலத்திலும் வேகம் இப்படியே இருந்தது என்று சொல்கிறவன் பொய்யன்.' யார் எழுதினது சார்?"

"நான்தான்."

"பாக்காத கோட்டை எண்ணியிருக்கீங்க. அப்ப உங்க எழுத்துப்படி யார் பொய்யன்? அறிக்கை எழுதினவரா, புத்தகம் எழுதினவரா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

மச்சான் தலையை மெல்ல ஆட்டினார். ஞாபகம் இல்லை என்று சொல் என்கிற ஆட்டம்.

"அறிக்கை சரி," என்றார் அவர். "அந்தப் பக்கம் தப்பு. அதை எழுதும்போது அதனால யார் கழுத்துக்கும் கத்தி வராதுன்னு நினைச்சேன். முதல் அறிக்கையும் தப்பு. அதால ஒருத்தர் பத்தொம்பது நாள் உள்ள இருந்தார். எழுதிக்குங்க."

மச்சான் நாற்காலியைச் சத்தமாகத் தள்ளிவிட்டு வெளியே போனார். வக்கீல் அப்புறமும் அரைமணி நேரம் குடைந்தார். கோடு கோடுதான், கணக்கு கணக்குதான், ஒன்றும் அசையவில்லை. கடைசியில் விசாரணை அதிகாரி ஆய்வாளரைக் கூட்டி வரச் சொன்னார். ஓட்டுநர் இவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கினார்.

வராந்தாவில் துறைத் தலைவி பல்லெல்லாம் தெரிய நின்றாள். "ஒரு வழியா எங்க ஆளாயிட்டீங்க சார்!"

"யார் ஆளும் இல்ல மேடம். கடவுள் படைச்சார்னு நேத்து நம்பினேன், இன்னிக்கும் நம்புறேன். தப்பா எழுதின ஒரு பக்கத்தைத் தப்புன்னு சொன்னேன். உங்க சந்தோஷத்தைக் கொண்டுபோய் காபி எந்திரத்துக்கிட்ட வெச்சுக்குங்க."

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியதும் மனைவி ஆரம்பித்தாள். ஏழு வருஷப் பேச்சு.

"எவனோ ஒரு கிரேன்காரன் வந்து நாலு வார்த்தை கேட்டதும் திருத்தினீங்க. என் பொண்ணு அதே கேள்வியைத்தானே கேட்டா? அவளுக்கு ஏன் திருத்தல? அவ கையில ஜாமீன் சீட்டு இல்லாததாலயா? நானும் மனுஷின்னு அன்னிக்கு வாயை மூடிக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தேனே, என்னைச் சொல்லணும்!"

அவளே போனில் எண்ணை அழுத்தி அவர் கையில் திணித்தாள். இத்தனை வருஷமும் அவள் மகளோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"சொல்லும்மா," என்றாள் மகள்.

"அப்பா பேசுறேன்."

அவர் நடந்ததைச் சொன்னார். எஃகுப் பின், கோடு, வக்கீல், புத்தகம் எல்லாவற்றையும் அறிக்கை வாசிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னார். வேறு எப்படிப் பேசுவதென்று அவருக்கு மறந்துபோயிருந்தது.

"அப்ப உலகத்துக்கு ஆறாயிரம் வயசு இல்லன்னு ஒத்துக்கிறீங்களா?"

"இல்லம்மா. அது என் நம்பிக்கை. அது அப்படியேதான் இருக்கு. நான் தப்புன்னு சொன்னது அந்தப் பதினாலாம் பக்கத்தை."

"என்னை எதுக்காக வெளிய போகச் சொன்னீங்க? நம்பிக்கைக்காகவா, அந்தப் பக்கத்துக்காகவா?"

ஞாபகம் இல்லை என்று இங்கேயும் சொல்லியிருக்கலாம். அவருக்கு வரவில்லை.

"அந்தப் பக்கத்துக்காகத்தான்."

"எனக்குப் போன வருஷம் ஒரு பையன் பொறந்தாம்பா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மாகிட்ட சத்தியம் வாங்கினேன்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அவர் காதிலிருந்து போனை எடுக்காமல் நின்றார். மனைவிதான் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நாளைக்கும் பண்ணுங்க. எடுக்க மாட்டா. அதுக்கு அடுத்த நாளும் பண்ணுங்க" என்றாள்.