செங்கமலத்தேவியின் சபை

மேல்விஷாரத்துக்கு வெளியே, மூடிக் கிடந்த ஒரு தோல் பதனிடும் ஷெட்டுக்குள்தான் டிவி தொடர் ஒன்றுக்காக வேங்கைமலை அரண்மனையைக் கட்டியிருந்தார்கள். சென்னையில் செட் போட்டால் கட்டுப்படியாகாது என்று தயாரிப்பாளர் பிடித்த இடம் அது. தெர்மோகோல் தூண்களுக்குப் பொன்வர்ணம் அடித்து, சிம்மாசனத்துக்குச் சிவப்பு வெல்வெட் போர்த்தியிருந்தார்கள். எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த பழைய வாடை மட்டும் போகவில்லை.

அந்தத் தொடரில் பட்டத்தரசி செங்கமலத்தேவியாக நடித்தவள் கவிப்ரியா. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பல வருடம் பார்த்துக்கொண்டதில் கல்யாணப் பேச்சு தானாக நின்றுபோயிருந்தது. போன வருடம் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு வளசரவாக்கம் வீட்டில் அவள் மட்டும்தான். அதனாலேயே வெளியூர்ப் படப்பிடிப்பு என்றதும் யோசிக்காமல் ஒப்புக்கொண்டாள். ஆனால் ஆற்காட்டு லாட்ஜ் அறையும் அவள் வீட்டைப் போலவேதான் இருந்தது.

ராஜாவாக நடித்தவருக்கு ஒரு சினிமா வாய்ப்பு வந்தது. கதையில் ராஜாவைப் போருக்கு அனுப்பிவிட்டார்கள். அதோடு கதையில் ராணிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. தினமும் கிரீடம் வைத்து, நகை பூட்டி, சாளரத்தருகே நின்று தூரத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுவாள். மற்ற நேரமெல்லாம் காத்திருப்பு. நகைகளின் கனத்தில் கழுத்து வலிக்கும்.

ஒருநாள் இயக்குநர் முனிரத்தினத்திடம் போய் நின்றாள்.

"சார், இந்தம்மா நாள் பூரா இன்னா பண்ணுவாங்க?"

"எந்தம்மா?"

"செங்கமலத்தேவி. ராஜா ஊர்ல இல்ல. அழுத நேரம் போக மீதி நேரம்?"

முனிரத்தினம் சிரித்தார். "ராணிம்மா அவங்க. அவங்களுக்கு இன்னா வேலை?"

"நாட்டைப் பாத்துக்கலாம் இல்ல? ராஜா இல்லாதப்ப ஜனங்க யார்கிட்ட போய் குறை சொல்லுவாங்க? அவங்க உக்காந்து கேக்கட்டும். எதுனா ஒரு வேலை குடுங்க சார் அவங்களுக்கு."

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்தது. முனிரத்தினம் அதைக் கவனித்தாரோ என்னவோ, ஒரு காட்சி எழுதிப் பார்க்கிறேன் என்றார். அவருக்கும் ராஜா வரும்வரை நாள் கடத்த ஏதாவது வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடிமக்களாக நடிக்க அக்கம்பக்கத்துப் பெண்களை ஏஜென்ட் அழைத்து வந்தான். பெரும்பாலும் ஷூ கம்பெனியில் தைக்கிறவர்கள். அவர்களில் வஜீதா என்பவளுக்கு மட்டும் ஒரு வசனம் கிடைத்தது. ஐம்பது வயதிருக்கும். கைத்தறிச் சேலையின் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, 'தேவி, போருக்குப் போன என் மகனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை' என்று மனப்பாடம் செய்தபடியே இருந்தாள்.

காமிரா ஓடியது. வஜீதா சிம்மாசனத்தின் முன் வந்து கைகூப்பினாள்.

"தேவி, என் மகன்..."

அதற்கு மேல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கவிப்ரியா எடுத்துக் கொடுக்கிற மாதிரி கேட்டாள்.

"உன் மகன் எங்கே சென்றிருக்கிறான், தாயே?"

"ரியாத்து."

ஷெட்டே சிரித்தது. லைட் பிடித்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். வஜீதாவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. அவள் சிம்மாசனத்தில் இருந்தவளையே பார்த்தாள். அங்கே ஒரு முகம் மட்டும் சிரிக்காமல் இருந்தது.

"போன் பண்றானா?" என்று கேட்டாள் கவிப்ரியா. ராணியின் குரலில் அல்ல.

"பண்றான்மா. நான் ஒண்ணு கேக்கறதுக்குள்ள 'டூட்டிக்கு டைம் ஆச்சு அம்மீ'ன்னு வெச்சுடுவான். அவங்க அத்தா மௌத்தாகிப் போய்ச் சேந்தப்புறம் வீட்ல நான் ஒருத்திதான். கம்பெனில மிஷின் சத்தத்துல பேச முடியாது. வீட்டுக்கு வந்தா பேச ஆளு கெடையாது. குக்கர் விசில் அடிச்சா அதுகிட்ட 'வர்றேன் இரு'ன்னு சொல்றேன்." சட்டென்று நிறுத்தினாள். "இங்க நெறைய பேர் இருப்பாங்கன்னு ஏஜென்ட் சொன்னாரு. அதான் வந்தேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கவிப்ரியா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் முனிரத்தினம் "கட்" என்றார்.

"அம்மா, நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா அந்தக் காலத்துல ஏது குக்கர்?"

வஜீதா சேலைத் தலைப்பை முகம்வரை இழுத்துக்கொண்டாள். வேறொருத்தியை வைத்து அந்த வசனத்தை எடுத்தார்கள். புறப்படும்போது வஜீதா கவிப்ரியாவிடம் வந்து, "ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வாங்க. பெரிய மசூதி பின்னால, என் மகன் பேரு சொல்லி சமீருல்லா வீடுன்னு கேட்டா சொல்லுவாங்க" என்றாள். வருகிறேன் என்றாள் கவிப்ரியா.

சபைக் காட்சி ஒளிபரப்பானது. பார்த்தவர்களுக்குப் பிடித்துவிட்டது. சில வாரங்கள் செங்கமலத்தேவி வழக்குகளைக் கேட்டாள், வாய்க்கால் வெட்டச் சொன்னாள், வரியைக் குறைத்தாள். கவிப்ரியா லாட்ஜில் மறுநாள் வசனத்தைச் சத்தமாகப் படித்துப் பார்ப்பாள். அறையில் ஒரு குரல் கேட்பதே நன்றாக இருந்தது. எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் படப்பிடிப்பு வைத்தார்கள். வஜீதா வீட்டுக்குப் போவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

பிறகு ராஜா திரும்பி வந்தார். சிம்மாசனத்தில் அவர் உட்கார, செங்கமலத்தேவி மறுபடி ஆரத்தித் தட்டோடு ஓரமாக நின்றாள்.

"பக்கத்துலயாவது உக்காந்து கேக்கட்டுமே சார்," என்றாள் கவிப்ரியா.

முனிரத்தினம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சேனல்ல இளைய ராணி ஒருத்தி வேணும்னு சொல்றாங்க கவி. உங்களுக்கு அடுத்த வாரம் ஒரு காய்ச்சல் வருது. என் கைல ஒண்ணும் இல்ல."

அவள் வாதாடவில்லை. மரணக் காட்சியில் வெல்வெட் மெத்தையில் கண்ணை மூடிக் கிடந்தாள். ராஜா அவள் கையைப் பிடித்துக் கதறினார். காட்சி முடிந்ததும் அந்தக் கையை விட்டுவிட்டுப் போன் பேசப் போய்விட்டார். கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்தபோது கழுத்து லேசானது. அந்த லேசு அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. சென்னைக்குப் புறப்படப் பெட்டியைக் கட்டியவள், லாட்ஜ் வரவேற்பிலேயே அதை வைத்துவிட்டு மேல்விஷாரத்துக்கு ஆட்டோ பிடித்தாள்.

கதவைத் திறந்த வஜீதாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் பதறிப்போனாள். இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்தாள். ஃபேனைப் போட்டாள். குடிக்கக் கலர் வாங்கி வர ஓடப் பார்த்தவளைக் கவிப்ரியா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம்மா. நீங்க சாப்பிடறதையே போடுங்க."

சோறும் தால்ச்சாவும் போட்டாள். இருவருக்கும் பேச்சு சரியாக வரவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினார்கள். கம்பெனியில் ஆர்டர் ஜாஸ்தி, தினமும் ஓவர்டைம் என்றாள் வஜீதா. பிறகு டிவி தொடரைப் பற்றிக் கேட்டாள்.

"நீங்க ஏன் இப்பல்லாம் தட்டு புடிச்சிக்கினு நிக்கறீங்க? அந்த வழக்கு கேக்கறது நல்லா இருந்துச்சே."

"இந்த வாரம் செத்துடுவேன்மா."

வஜீதா வாயைப் பொத்திக்கொண்டாள். "அல்லா! ஏன்?"

"ஏன்னு யாரும் சொல்லல."

வஜீதா அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் தால்ச்சா ஊற்றினாள்.

சாப்பிட்டு முடிந்ததும் சமீருல்லாவின் போட்டோக்களைப் போனில் காட்டத் தொடங்கினாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். இது ஏர்போர்ட்டில் எடுத்தது, இது அவன் ரூம். சொல்லிக்கொண்டே வந்தவளின் பேச்சு குழறி நின்றது. வாரம் முழுக்க மெஷினில் குனிந்திருந்த அசதி. உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

கவிப்ரியா நழுவப் பார்த்த போனை மெல்ல எடுத்துத் தரையில் வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. எழுந்து கதவுவரை போனாள். கண் விழித்துப் பார்க்கும்போது இந்த அம்மாவுக்கு வீடு காலியாக இருக்குமே என்று தோன்றியது.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். மாலை அசர் தொழுகைக்கு மசூதியில் பாங்கு சொன்னார்கள். வஜீதாவின் தூக்கம் கலையவில்லை. கவிப்ரியாவும் எழுந்திருக்கவில்லை.