ராணி என்ன சொன்னாள்

...அப்படியென்றால் ராணி அப்போது உயிரோடே இல்லை, செத்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அவள் மகள், அந்த இளவரசி, மடத்துக்குப் போயிருக்கிறாள், இத்தனை காலம் இது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தபடி சவரியம்மாள் கடையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தாள், முற்றல், இன்னொன்றை எடுத்தாள்... யாருக்கு வாங்குகிறாள்? இசபெல்தான் வீட்டில் இல்லையே, மடத்தில் கம்பித் தடுப்புக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருப்பவளுக்குச் சாம்பார் கொண்டுபோய்க் கொடுக்கவா முடியும்? காலையில் சேன்-தெனியில், இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட அந்தப் பழைய மடத்தைப் பார்க்க எவ்வளவு கூட்டம், இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அரண்மனையை விட்டுவந்த பிரெஞ்சு ராஜா மகள் லூயிஸ் இளவரசி படுத்த அறை எது என்று எட்டிப் பார்க்க இன்னமும் வரிசையில் நிற்கிறார்கள், விளக்கம் சொன்ன பெண் ராணியின் சாவைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

சோறு ஊட்டும்போதெல்லாம் மகளுக்கு அந்தக் கதையைச் சொன்னது அவள்தானே, புதுச்சேரியில் ஞானோபதேச வகுப்பில் கேட்ட கதை, பட்டாடையைக் கழற்றிப் போட்டுவிட்டு மடத்துக்குப் போன இளவரசி, மனசு கனத்தும் தடுக்காத ராஜா... ஒருநாள் இசபெல் வாயில் சோற்றை அடக்கிக்கொண்டு கேட்டாள், ராணி என்னம்மா சொன்னாங்க? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சந்தோஷமா முத்தம் குடுத்து அனுப்பிச்சாங்க என்று சொன்னாள், சொல்லச் சொல்ல அதுவே நிஜமாகிவிட்டது, அதனால்தான் எப்போதும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் பெண் அன்றைக்குத் தமிழில், நான் போகட்டுமாம்மா என்று கேட்டபோது, நெஞ்சுக்குள் ஏதோ இற்றுவிழ, அந்த ராணியைப் போலவே சிரித்து முத்தம் கொடுத்தாள். கோவிலில் எல்லாரும் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள், அது வேறு பெருமையாக இருந்தது...

"மகளை இப்ப காணக் கிடைக்கிறேல்லை அக்கா, கலியாணம் முடிச்சிட்டாவோ?" என்றார் கடைக்கார ஸ்ரீஸ்கந்தராசா.

"இல்லைங்க, கன்னியாஸ்திரி ஆயிட்டா."

"ஓ... அது நல்ல விசயம்தானே," என்றார் அவர், கொஞ்சம் தயங்கி, "நீங்கள் போகாதை எண்டு சொல்லியிருந்தால் நிண்டிருப்பாவோ அக்கா?"

காசைக் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள், பிலிப்-து-ஜிரார் தெருவில் சாயங்கால நெரிசல், யாரோ தோளில் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுப் போனார்கள்... இசபெல் படிக்காத புத்தகமா, மடத்துக்குப் போவதற்கு முந்தின வருஷமெல்லாம் இளவரசியைப் பற்றி நூலகத்திலிருந்து அடுக்கடுக்காகக் கொண்டுவந்து வைத்திருந்தாளே, ராணி எப்போது செத்தாள் என்று அதில் இல்லாமலா இருந்திருக்கும்? அப்படியானால் முத்தமும் சிரிப்பும் அம்மா கட்டிவிட்ட கதை என்று தெரிந்தேதான் வந்து நின்றாளா, தெரிந்தேதான் போகட்டுமா என்று கேட்டாளா... முத்தத்தை வாங்கிக்கொண்ட பிறகும் உடனே போகவில்லை, கதவருகில் சற்று நேரம் நின்றாள், எதற்கு நின்றாள்?