நாற்பது கடைகளில் கேட்ட கேள்வி

...இல்லை, கம்ப்யூட்டரில் நூறு முறை ஓட்டிப் பார்த்தாயிற்று, நூறு முறையும் ஒன்றும் ஆகவில்லை, பிறகு ஏன் இந்தச் சந்தேகம் என்று லுத்ஃபியா அத்தாவின் மளிகைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்று தன்னையே கேட்டுக்கொண்டாள், அத்தா மஜீது ஜும்ஆவுக்குப் போயிருக்கிறார், மூன்று மணிக்கு அவள் ஆபீஸ் திரும்பி அறிக்கை கொடுக்க வேண்டும்... பாக்கெட் எண்ணெயை இதற்கு மேல் விற்கக் கூடாது என்று அரசாங்கம் வைத்திருக்கும் விலைக்கட்டை எடுத்துவிட்டால் இந்த அலோர் காஜா ஊரில் என்ன நடக்கும், நிஜத்தில் செய்யுமுன் கம்ப்யூட்டரில் செய்து பார்ப்பதுதான் அவள் வேலை, திரையில் நாற்பது கடைகளும் நாற்பது புள்ளிகள், புள்ளிகளுக்குப் புத்தி சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். விலை ஏறும் என்று ஒருவன் பதுக்கினால் பக்கத்துக் கடைக்காரனும் பதுக்குவான், சரி, ஆனால் அத்தா மாதிரி ஆட்கள் எஸ்டேட் வீடுகளுக்கென்று வெள்ளிக்கிழமைதோறும் கல்லாவுக்குக் கீழே எண்ணெய் பாக்கெட் எடுத்து வைக்கிறார்களே, அந்த வழக்கம் மாறாது என்று அவளே எழுதி வைத்தாள், அதனால்தான் திரையில் ஒரு வீட்டிலும் எண்ணெய் தீரவில்லை... பெற்ற தகப்பனை எனக்குத் தெரியாதா?

எஸ்டேட்டிலிருந்து பஸ்ஸில் வந்த மலர்க்கொடி அக்கா பையை நீட்டி, முதலாளி ரெண்டு பாக்கெட் எடுத்து வச்சிருப்பாரு என்றாள். லுத்ஃபியா குனிந்து பார்த்தாள், கல்லாவுக்குக் கீழே காலி. மறந்திருப்பார், வயதாகிறது, மறதிதான்... பின்கட்டுக்குப் போனாள், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கித்தான் போர்த்தி ஆள் உயரத்துக்குப் பெட்டிகள், ஓர் ஓரத்தைத் தூக்கினாள், எல்லாம் எண்ணெய். முன்னால் அத்தாவின் குரல் கேட்டது, எண்ணெய் வரவே இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அக்காவிடம் வாய் கூசாமல் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார், தொழுதுவிட்டு வந்த தொப்பிகூடத் தலையில் அப்படியே இருந்தது. பின்கட்டிலிருந்து வந்த மகளின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"விலைக்கட்ட எடுத்துட்டா என்ன செய்வீங்கன்னு போன மாசம் நீதானம்மா கேட்ட. கவர்மெண்ட் ஆபீஸ் புள்ள சும்மாவா கேக்கும் லா?"

சும்மாதான் கேட்டேன் அத்தா, என் திரையில் இருக்கிற புள்ளிக்காகக் கேட்டேன்... விலைக்கட்டு அப்படியே இருக்கிறது, யாரும் இன்னும் கையெழுத்துகூடப் போடவில்லை, எல்லாம் அவள் அறிக்கைக்காகத்தானே காத்திருக்கிறது, யாருக்கும் ஆபத்தில்லை என்று அச்சடித்துக் கைப்பைக்குள் வைத்திருக்கும் அந்த அறிக்கைக்காக... அத்தாவிடம் மட்டுமா கேட்டாள், நோட்டும் பேனாவுமாகச் சிரித்துக்கொண்டே எத்தனை கடைப் படி ஏறி இறங்கினாள். மணி இரண்டரை. வெயிலில் மலர்க்கொடி அக்கா காலிப் பையோடு எதிர்க் கடைக்குள் நுழைவது தெரிந்தது, அங்கேயும் லுத்ஃபியா போய் இதே கேள்வியைக் கேட்டிருந்தாள்.