சொல்லாமல் கிளம்பியவள்

மேனாம்பேட்டு வீட்டில் தினமும் காலை எட்டரைக்கு ஒரு சின்னத் திருட்டு நடக்கும். தினேஷ் தன் இரண்டு வயது மகளைப் பின்பக்கம் தூக்கிப்போய்க் காக்கா காட்டுவான். அந்த நேரத்தில் அவன் மனைவி ரேவதி ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணாமலே தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து தொழிற்பேட்டைக் கம்பெனிக்குப் பறப்பாள். சத்தம் வராமல் கேட்டைச் சாத்துவது தினேஷின் தங்கை மோகனப்பிரியாவின் வேலை. குழந்தை அழாமலிருக்க அந்த வீட்டுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அன்று கேட்டைச் சாத்திய கையோடு போன் அடித்தது. இலங்கை மட்டக்களப்பிலிருந்து தவமணி டீச்சர்; அந்த ஊர்ப் பேச்சில் ரீச்சர். அவருடைய அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் மூன்று மாதம் சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு மோகனப்பிரியா ஊர் திரும்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"மகள், திலக்ஷி பின் கேட்டடியிலேயே இருக்கிறாள். சாப்பிடக்கூட உள்ளுக்கு வாறாளில்ல. அக்கா வருவாவாம். நீங்க அவளுக்குச் சொல்லல்லையா?"

மோகனப்பிரியா சொல்லியிருக்கவில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே கண்டிப்பு. பெரிய பிள்ளைகளிடம் சொன்னாள். ஆறு வயது திலக்ஷிக்கு மட்டும் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போட்டாள். கடைசி நாள், "தலை பின்னி விடறேன், சீப்பு எடுத்துட்டு வா" என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு, பின் கேட் வழியாக நழுவி, திருப்பத்தில் நிற்கச் சொல்லியிருந்த ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

"தாயும் இப்பிடித்தான், சொல்லாமப் போனவ" என்றார் ரீச்சர். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "நீங்களே சொல்லுங்க. போனைக் குடுக்கிறன்."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினேஷ் வந்தான்.

"இன்னாடி, மூஞ்சி இப்டி கீது?"

போனைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அட, இதுக்கா? பொங்கலுக்கு வரேன்னு அட்ச்சு வுடு. கொயந்த தானே, நாலு நாள்ல மறந்துடும்."

"எங்கண்ணா மறந்துச்சு? பத்து நாளா கேட்டாண்ட உக்காந்துகினு கீது."

போனில் மூச்சுச் சத்தம் கேட்டது.

"அக்கா, நான் சீப்பு கொண்டு வந்தன். நீங்க இல்ல."

பொங்கல் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மோகனப்பிரியா விழுங்கிக்கொண்டாள்.

"திலக்ஷி, நான் இனிமே வர மாட்டேம்மா. எங்க ஊருக்கே வந்துட்டேன். நீ அழறத என்னால பாக்க முடியாதுன்னு சொல்லாம ஓடியாந்துட்டேன். தப்பு என்னுதுதான்."

அலறல் வரும் என்று போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள். வரவில்லை.

"அண்டைக்கே சொல்லியிருந்தா ரோட்டு வரைக்கும் வந்து கை காட்டியிருப்பன்" என்றது அந்தச் சின்னக் குரல். அவ்வளவுதான். போன் கை மாறியது.

"சாப்பிடப் போறாள், மகள்" என்று சொல்லி ரீச்சர் வைத்துவிட்டார்.

"அழுதுச்சா?" என்றான் தினேஷ்.

"இல்லண்ணா."

"அப்ப இன்னா, வுடு."

மோகனப்பிரியா படியில் உட்கார்ந்தாள். அழுகை அவளுக்குத்தான் வந்தது. அதையும் அண்ணன் பார்த்துவிடாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.