புவி குளிர்ச்சிக் கழகத்தின் உச்சிவெயில் கூட்டம்

1

உண்மையைச் சொன்னால், இந்தக் கதை ஒரு மின்விசிறியால் வந்தது. கண்டனூரில் பஸ்ஸைத் தவறவிட்டு, வெயில் பொறுக்காமல், விசிறி ஓடிய ஒரு பந்தலுக்குள் ஒதுங்கினேன். உள்ளே புவி குளிர்ச்சிக் கழகத்தின் தேர்தல் கூட்டம். பூமி கொதிக்கிறது என்று சொல்ல உச்சிவெயிலைத் தேர்ந்தெடுத்த கட்சியை மதிக்காமல் இருக்க முடியுமா? (அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மாலை நேரத்தைப் பெரிய கட்சிகள் பிடித்துக்கொண்டுவிட்டன.) விசிறியும் வெயிலும் நிஜம், மற்றதெல்லாம் என் கைவரிசை.

2

முதல் தொடக்கம்: "சாக்கோட்டை ஒன்றியத்து வானத்தைக் கரும்புகை சூழ்ந்திருந்த அந்த"

வேண்டாம். புகையின் சொந்தக்காரர் பின்னால் வரப்போகிறார், இப்போதே பகைத்துக்கொள்வானேன்.

இன்னொன்று: ஒன்றியக் கவுன்சிலர் வேட்பாளர் சேவுகப்பெருமாளுக்கு மேடையில் வியர்த்துக் கொட்டியது.

இது பரவாயில்லை. வெயிலைவிட அவரை வாட்டியது அவர் கட்சியின் முதல் வாக்குறுதி: சீமைக்கருவேலத்தை எரித்துக் கரியாக்கும் மூட்டங்களை ஓராண்டுக்குள் மூடுவோம். அந்த வட்டாரத்தின் பெரிய கரிமூட்டம் பாண்டீஸ்வரனுடையது. பாண்டீஸ்வரன், சேவுகப்பெருமாளின் மனைவி சத்தியப்பிரியாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

காலையிலேயே அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். "மூட்டத்தை மூடுவேன்னு மைக்குல சொன்னீகன்னா, அப்புறம் எங்க அண்ணன் வீட்டு வாசலை நான் எந்த முகத்தோட மிதிக்கிறது?"

கொள்கைக்காக உயிரையே கொடுப்பேன் என்று அறிவித்தவர்தான். மச்சானைக் கொடுக்க வேண்டிவரும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

3

கட்சிக்காரர்கள் மொத்தமும் மேடையில் அடங்கிவிட்டார்கள். காலி நாற்காலிகளைப் பற்றி ஒரு பத்தி உருக்கமாக எழுதி, அடித்துவிட்டேன். ஏனென்றால் அப்போது ஒரு லாரி வந்து நின்றது. பாண்டீஸ்வரன் தன் மூட்டத்து ஆட்களையெல்லாம் இறக்கினார். முகம், கை, வேட்டி எல்லாம் கரி. பந்தல் நிறைந்துவிட்டது.

(நம்பும்படி இல்லை என்கிறார் இதை வாசித்த நண்பர். அவர் எங்கள் பக்கம் பெண் எடுத்ததில்லை.)

சேவுகப்பெருமாள் இரண்டாவது வாக்குறுதியிலிருந்து வாசித்தார். கண்மாய் தூர்வாருவோம்: கைதட்டல். மரம் நடுவோம்: விசிலே பறந்தது. முடித்து உட்காரப் போனபோது பாண்டீஸ்வரன் எழுந்தார்.

"மாப்ள, மொதலாவதை விட்டுப்புட்டீகளே."

"அது... அச்சுல ஏதோ தப்பு, மச்சான்."

"நோட்டீஸை நேத்தே வாசிச்சேன். என் மூட்டத்தை மூடுறதுதான?"

"தெரிஞ்சுமா ஆளக் கூட்டிட்டு வந்தீக?"

"எங்க வீட்டுப் பொண்ணைக் கட்டுனவரு கூட்டத்துல நாற்காலி காலியாக் கெடந்தா, கேவலம் எங்களுக்குல்ல? ஓட்டு வேற விசயம். வந்தவுக கைதட்டாமப் போகமாட்டாக. வாசிங்க."

4

(அ) வாசிக்கிறார். தங்கள் பிழைப்பு போகப்போகும் வாக்குறுதிக்கு அத்தனை பேரும் கைதட்டுகிறார்கள். எழுதிப் பார்த்தேன், அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை.

(ஆ) வாசிக்கவில்லை. வீட்டில் நிம்மதி, வானத்தில் புகை, அடுத்த கோடை இன்னும் கொஞ்சம் சூடு.

(இ) சத்தியப்பிரியா மேடையேறி மைக்கைப் பிடுங்கி

இல்லை. என் வேலையை அவள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஆகவே சேவுகப்பெருமாள் இன்னும் வாயைத் திறந்தபடி நிற்கிறார். மச்சான் தட்டுவதற்குக் கைகளைத் தூக்கிவிட்டார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கரிக் கைகளைத் தூக்குகிறார்கள். நீங்களும் இவ்வளவு நேரம் விசிறிக்கடியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் வாசித்தால், தட்டுவீர்களா?