வச்ச கை இருக்காது

அந்தத் தெருவில் காலை ஒடித்துவிடுவேன் என்று சொல்லாத வாய் கிடையாது. பிள்ளைகள் வெயிலில் ஓடினால் காலை ஒடிப்பார்கள், பூனை அடுப்பில் ஏறினால் காலை ஒடிப்பார்கள், ஸ்கூட்டர் கிளம்பாவிட்டால் அதற்கும் கால் போகும். சொன்னதையெல்லாம் செய்திருந்தால் தெருவே நொண்டிக்கொண்டு திரிந்திருக்கும். யாரும் செய்வதில்லை. குட்டியின் அண்ணன் ஒருவன்தான் செய்வான்.

லாரி ஓட்டுகிறவன். பேச்சு குறைவு, ஆனால் பேசியதைத் திரும்ப விழுங்கத் தெரியாது. பள்ளிக்கூட நாளில், இன்னொரு தடவை நாடகத்தில் ஆடினால் அந்தப் பாவாடையைக் கொளுத்திவிடுவேன் என்று குட்டியிடம் சொன்னான். ஆடினாள். கொளுத்தினான். அழுதவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றிச் சமாதானம் செய்தவனும் அவனேதான். பிறகொரு நாள் கிளீனர் ஒருவனிடம், டீசல் திருடினால் தாடையைப் பெயர்த்துவிடுவேன் என்றான். அந்தக் கிளீனருக்கு இன்றைக்கும் வாய் கோணல்.

அப்பா போனபிறகு மனையில் பாதியைத் தங்கைக்கு எழுதிக் கொடுத்ததும் இதே அண்ணன்தான். நடுவில் சுவர் எழுப்பிவிடலாமா என்று குட்டியின் வீட்டுக்காரன் கேட்டான். “எனக்கும் என் தங்கச்சிக்கும் நடுவுல சுவரு என்ன மாப்பிள்ளை வேண்டிக் கிடக்கு?” என்றான் அண்ணன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவன் வளர்த்த கோழிகளுக்கும் அது ரொம்பப் பிடித்துப்போனது.

வீட்டுக்காரன் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். தெருவுக்கே அவன் பெயர் பெயின்டர்தான். கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு, அதில்தான் வேலை. கொட்டகை அவன் பெயரில், பாதி வேலை குட்டியின் கையில். நசுங்கின இடத்தில் பட்டி பூசுவது அவன். அது காய்ந்ததும் வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்ப்பது, கண்ணாடிக்கெல்லாம் பழைய பேப்பர் ஒட்டி டேப் போடுவது எல்லாம் இவள். தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் ரேகையே இல்லாமல் போயிருந்தது.

அண்ணன் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. கோழிகள்தான் குடும்பம். போகிற ஊரிலெல்லாம் ஒன்று பிடித்துக்கொண்டு வருவான். அடைத்து வைக்கச் சொன்னால், “உன்னை அடைச்சு வச்சா நீ இருப்பியா?” என்பான்.

பெயின்ட் வேலைக்கு எதிரி தூசி. கடைசிப் பூச்சுக்கு முன்னால் சுற்றிலும் தண்ணீர் தெளித்து மண்ணை அடக்க வேண்டும். மண் நனைந்தால் புழு மேலே வரும். புழு வந்தால் கோழி சும்மா இருக்குமா? தண்ணீர் தெளிக்காவிட்டால் தூசி, தெளித்தால் கோழி. இதுதான் பிரச்சினை, வேறு பரம்பரைப் பகையெல்லாம் ஒன்றுமில்லை. சிரிப்பாய்ச் சிரிக்க வேண்டிய விஷயம்.

ஒரு நாள் பெயின்டர் சுத்தியலை வீசி ஒரு கோழியை நொண்டியாக்கினான். அண்ணன் வந்து பார்த்தான். கோழியைத் தூக்கி அக்குளில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று, குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னான்.

“மாப்பிள்ளை, இன்னொரு தடவை என் கோழி மேல கை வச்சா, வச்ச கை இருக்காது.”

தெரு சிரித்தது. பெயின்டரும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான். குட்டிக்கு மட்டும் அந்தக் கிளீனரின் கோணல் வாய் ஞாபகம் வந்தது. மறுநாளிலிருந்து வேலையோடு வேலையாகக் கோழி விரட்டுவதும் அவள் பொறுப்பானது. கையில் குச்சி, வாயில் சூ சூ. புருஷனுடைய வலது கை தப்ப வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

ஒரு வாரம் கழித்துக் கொட்டகையில் ஒரு கருநீலக் கார். சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். பெயின்டர் கடைசிப் பூச்சு முடித்திருந்தான், பானட்டில் முகம் பார்க்கலாம். குடிக்கத் தண்ணீர் கேட்டான். குட்டி உள்ளே போய்ச் சொம்பை எடுப்பதற்குள் ஆகிவிட்டது. அண்ணன் மகாராணி என்று பெயர் வைத்துச் செல்லம் கொஞ்சுகிற சிவப்புக் கோழி பானட்டின் மேல் ஏறி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து, ஈரத்தில் வழுக்கி, சிறகடித்துப் புரண்டு எழுந்தது.

சத்தம் கேட்டுக் குட்டி ஓடிவந்தபோது பெயின்டர் அதன் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து இரும்பு ஸ்டாண்டில் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். கழுத்து முறிந்து தலை தோலில் தொங்கியது. பனியனெல்லாம் ரத்தம். அவன் நிறுத்தவில்லை.

“விடுங்க. அது எப்பவோ செத்துப் போச்சு.”

இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டுத்தான் போட்டான். போட்டபிறகுதான் அவனுக்குத் தெருமுனையில் லாரி திரும்புகிற சத்தம் கேட்டது. முகம் வெளுத்துவிட்டது. வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான்.

“குட்டி, இந்தக் கை போச்சுன்னா நம்ம பொழப்பே போச்சு.”

“நான் கொன்னேன்னு சொல்லிக்கிறேன். என்னை அண்ணன் ஒண்ணும் செய்ய மாட்டான்.”

வேண்டாம், நீ எதற்கு என்று ஒப்புக்காவது ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தாள். அவன் யோசிக்கவேயில்லை.

“கட்டையால அடிச்சேன்னு சொல்லு. தெரியாம பட்டுருச்சுன்னு சொல்லாத, கோவத்துல அடிச்சேன்னே சொல்லு, அப்பதான் நம்புவாரு.” சொல்லிக்கொண்டே பனியனைக் கழற்றிச் சுருட்டிக் கம்ப்ரசருக்குப் பின்னால் திணித்தான்.

குட்டிக்குச் சுருக்கென்றது. சரி, பயத்தில் பேசுகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அண்ணன் வந்தான். ஈர மண்ணில் சிவப்பு இறகுகளைப் பார்த்தான். குனிந்து கோழியை எடுத்து, தொங்கின தலையை நிமிர்த்தி நேராக வைக்கப் பார்த்தான். அது நிற்கவில்லை. மெதுவாகக் கீழே கிடத்திவிட்டு லாரிக்குத் திரும்பிப் போனான். வரும்போது கையில் ஜாக்கி ராடு இருந்தது. அதற்குள் தெருப்பக்க வேலியோரம் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். இதற்கெல்லாம் யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை.

முதல் அடி பானட்டில். தகடு குழிந்து உள்ளே போனது. அடுத்தது முன் கண்ணாடியில். அதன்பிறகு பெயின்டரின் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைக் கார்க் கதவில் மோதினான். மூக்கு நொறுங்கியது. மறுபடியும் மோதினான். ஒரு பல் தெறித்து விழுந்தது. வலது கையை இழுத்துப் பானட்டின் மேல் பரத்தி முழங்கையால் அழுத்திக்கொண்டு ராடை ஓங்கினான்.

“அண்ணே, நில்லு,” என்று குட்டி ஓடினாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் பெயின்டர் கத்தினான்.

“நான் இல்ல மச்சான். அவதான். உங்க தங்கச்சிதான் கொன்னா. கட்டையால அடிச்சா, நான் எவ்வளவோ தடுத்தேன்.”

அவள் சொல்லவிருந்த அதே பேச்சுதான். அவன் வாயிலிருந்து வந்தபோது குட்டிக்கு நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது. அதிலும் அந்த ‘தடுத்தேன்’. அது அவர்கள் பேசிவைத்ததில் இல்லாதது.

அண்ணன் பிடியைத் தளர்த்தித் திரும்பினான். “நீயா குட்டி?”

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். புருஷனின் கை இன்னமும் பானட்டின் மேல்தான் கிடந்தது. பாவி என்று வந்தது, பாவம் என்றும் வந்தது. அவள் மேலேயே அவளுக்குக் கோபம் பொங்கியது. அந்தக் கோபத்திலேயே சொன்னாள்.

“ஆமா. நான்தான்.”

அண்ணனுக்குத் தெரியும். பெயின்டரின் நகக்கண்ணில் சிவப்புப் பொடி இறகு ஒட்டியிருந்ததை அவன் பார்க்காமல் இல்லை.

“கையை நீட்டு.”

நீட்டினாள். ராடை ஓங்கியபடியே அவன் பெயின்டரைத்தான் பார்த்தான். “மாப்பிள்ளை, கொன்னது யாருன்னு இன்னொரு தடவை சொல்லு.”

பெயின்டர் வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பினான். “அவதான்.”

இப்போது ராடைக் கீழே போடுவான், தலையில் ஒரு குட்டு வைத்து உள்ளே போடி என்பான் என்று குட்டி முழுசாக நம்பினாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ சொன்னார்கள். “மாப்பிள்ளைன்னா ஒரு நியாயம், தங்கச்சின்னா ஒரு நியாயம்.” யாரோ சிரித்தார்கள். அண்ணனின் முகம் இறுகியது. ஓங்கின கையை இறக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. சொன்ன சொல்லாம், பெரிய சொல்.

ராடு இறங்கியது. மணிக்கட்டில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. குட்டி முழங்காலில் விழுந்தாள். வேலியோரம் ஒருவர் மிச்சமில்லை, எல்லோருக்கும் வீட்டில் திடீரென்று வேலை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு அண்ணன் லாரியிலேயேதான் போனார்கள். அவளை நடுவில் உட்காரவைத்து, இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். அண்ணன் அழுதுகொண்டே ஓட்டினான். பெயின்டர் துண்டால் அவள் கையைத் தாங்கிப் பிடித்து, “நீதானே சொல்றேன்னு சொன்ன,” என்று வழியெல்லாம் முணுமுணுத்தான். அவள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை.

அவசர சிகிச்சை அறையில் நர்ஸ் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, “எப்படி ஆச்சு?” என்றாள்.

“வழுக்கி விழுந்துட்டா,” என்றான் பெயின்டர், வீங்கின மூக்கோடு.

“ஆமாங்க, கொல்லையில தரை ஈரம்,” என்றான் அண்ணன்.

இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். அண்ணன் மாப்பிள்ளைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். மாப்பிள்ளை உட்கார்ந்தான்.

நர்ஸ் அந்த மூக்கைப் பார்த்தாள், அண்ணனின் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள், பிறகு குட்டியின் பக்கம் குனிந்தாள்.

“இவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

“பக்கத்து வீட்டுக்காரங்க,” என்றாள் குட்டி.

“ரெண்டு பேருமா?”

“ரெண்டு பேரும். ஒருத்தன் அடிச்சான், ஒருத்தன் காட்டிக் கொடுத்தான். வெளியில போகச் சொல்லிட்டு போலீசுக்குப் போன் பண்ணுங்க.”