கழுத்துப் பட்டன்

செப்டம்பர் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, மூன்றாம் மாடிப் பொது வார்டில் ஆறாம் படுக்கைக்காரருக்கு வலி பூஜ்யம் என்று குறிக்கப்பட்டது. அவருக்கு நாற்பத்து மூன்று வயது. அறிவு ஐந்து வயதுக்குரியது என்று ஒரு பழைய சான்றிதழ் சொன்னது.

சிஸ்டர் கையில் இருந்த அட்டையில் வலியின் அளவைக் காட்ட ஆறு முகங்கள் வரைந்திருந்தன. படுக்கையில் இருந்தவர் சிரிக்கிற முகத்தைத் தொட்டிருந்தார்.

"அவன் எப்பவும் அதைத்தான் தொடுவான் சிஸ்டர்," என்றாள் பக்கத்தில் நின்ற அவருடைய அக்கா. "அழுவுற மூஞ்சி அவனுக்குப் புடிக்காது."

"அப்ப வலிச்சா எப்படித்தான் சொல்வாரு?"

"சேத்த அன்னிக்கே தாள்ல எழுதிக் குடுத்தேனே."

சிஸ்டர் கோப்பைப் புரட்டினாள். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளுக்குப் பின்னால் இருந்தது தாள். விரலை வைத்து வாசித்தாள். "புது ஆள் வந்தால் முதலில் பேர் சொல்லவும். ஊசியைக் காட்டாமல் போடவும். வலித்தால் சட்டையின் கழுத்துப் பட்டனைப் போடுவான்."

இருவரும் படுக்கையைப் பார்த்தார்கள். முதுகில் நாடா கட்டும் பச்சை ஆஸ்பத்திரி உடை. அதன் கழுத்தோரத்தைத் தம்பியின் விரல்கள் கிள்ளின, விட்டன, மறுபடி கிள்ளின.

இரண்டு நாளாக இதையேதான் செய்துகொண்டிருந்தான். உடையைக் கழற்றப் பார்க்கிறான் என்று சிஸ்டர் நாடாவை இறுக்கியிருந்தாள். அக்கா பக்கத்திலேயே இருந்தாள். "சும்மா இருடா, எதையாவது நோண்டிக்கிட்டு," என்று நேற்று அவன் கையைத் தட்டிவிட்டதும் அவள்தான். தாளை எழுதியதும் அவள்தான்.

பையிலிருந்து அவனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து உடைக்கு மேலேயே மாட்டிவிட்டாள். மற்ற பட்டன்களை அவன் தொடவில்லை. கழுத்துப் பட்டனை மட்டும் ஒரே மூச்சில் போட்டுக்கொண்டான்.

சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

"ஊசி மாமா வந்துட்டாரு," என்று தம்பி சிரித்தான். டாக்டர் வயிற்றில் கை வைத்ததும் சிரிப்பு நின்றது. உடனே ஸ்கேன் எடுத்தார்கள். குடல் முறுக்கிக்கொண்டு அழுகியிருந்தது.

"முந்தாநாளே தெரிஞ்சிருந்தா..." என்று தொடங்கிய டாக்டர் நிறுத்திக்கொண்டார். "இப்ப ஆபரேஷன் தாங்க மாட்டாரும்மா."

அக்கா சுவரைப் பார்த்தபடி நின்றாள். "வலிக்காமயாவது பண்ணுங்க. சொல்லத் தெரியாதவன்."

"சொல்லியிருக்காரும்மா," என்றாள் சிஸ்டர், தாளைப் பார்த்துக்கொண்டு.

மருந்து ஏறியது. ஒன்றேகால் மணிக்குத் தம்பி மெல்லக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய்ப் பட்டனைக் கழற்றினான்.

"போச்சாடா?"

"போச்சு." சட்டையை நீவிப் பார்த்தான். "வீட்டுக்கா?"

"ஆமா. அதான் சட்டை போட்டாச்சுல்ல."

"நீயும் வா."

"நான் இல்லாம நீ எங்கடா போயிருக்க."

மூன்றரை மணிக்கு மூச்சு நின்றது.

உடலை மூடுமுன் சிஸ்டர் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டு வந்தவளின் கை கழுத்துக்குப் போயிற்று.

"அது வேணாம் சிஸ்டர்."

சிஸ்டர் கையை எடுத்துக்கொண்டாள்.

ஐந்தரை மணிக்கு உடலை ஒப்படைத்தார்கள். வலிக் குறிப்பில் காலை எட்டு மணிப் பூஜ்யம் கோடிட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் சிஸ்டரின் கையெழுத்து இருந்தது. ஒன்றேகால் மணிக்கு அவள் குறித்த பூஜ்யம் அப்படியே இருந்தது.